துரை பங்களாவில் பிறக்காதவள்

என் மகள் துரை பங்களாவில் பிறந்தவள் என்று வாழ்நாள் முழுதும் சொல்லி வந்திருக்கிறேன். கல்யாண வீடுகளில் சொன்னேன். அலுவலக நண்பர்களிடம் சொன்னேன். அவளைப் பெண் பார்க்க வந்தவர்களிடமும் சொன்னேன். "ஜப்பான்காரன் காலத்திலே, வெள்ளைக்காரத் துரை படுத்த கட்டிலில் பிறந்த பிள்ளை" என்று சொல்லும்போது எதிரில் இருப்பவரின் முகம் மாறுவதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும்.

அது பொய். அவள் பிறந்தது ஆயாக்கொட்டகையில். ரப்பர்ப் பால் எடுக்கப் பால்மரம் வெட்டப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. நான்கு பக்கமும் சுவர் கிடையாது. மேலே அத்தாப்பு ஓலைக் கூரை, கீழே மண் தரை, உத்தரத்திலிருந்து தொங்கும் தூளிகள். அவ்வளவுதான்.

என் மனைவி அந்தப் பொய்யை ஒருமுறைகூட மறுத்துப் பேசவில்லை. நான் பங்களாக் கதையைத் தொடங்கினால் எழுந்து காப்பி போடப் போய்விடுவாள். அத்தனை காப்பி எதற்கு என்பது அவள் இறந்துபோன பிறகுதான் எனக்கு உறைத்தது. அதனால் இதை எழுதுகிறேன்.

எழுதும்போது வருத்தம் மட்டுமே இருந்தால் நன்றாக இருக்கும். அப்படி இல்லை. ஊரே பட்டினி கிடந்த அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்குள் பரபரவென்று ஒரு சந்தோஷம் எழும்புகிறது. அதையும் சேர்த்துத்தான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

எங்கள் ரப்பர் தோட்டம் மலாயாவில், ரந்தாவுக்கும் கோலா சாவாவுக்கும் இடையில் இருந்தது. குன்றின் உச்சியில் துரை பங்களா, நடுச்சரிவில் கிராணி வீடு, அடிவாரத்தில் தொழிலாளர் லயங்கள். யார் எங்கே இருக்க வேண்டும் என்று மண்ணே சொல்லிக் கொடுத்தது போல இருக்கும். நான் சின்னக் கிராணி, தோட்டத்துக் கணக்கு எழுதுபவன். சிரம்பானில் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் படித்தவன். மாதம் ஒருமுறை கணக்குப் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு மேலே போவேன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பங்களா விறாந்தையின் கீழ்ப்படியிலேயே நிற்பேன். துரை குனிந்து புத்தகத்தை வாங்குவார். அந்தப் படிகளுக்கு மேலே வாசல் திரை காற்றில் ஆடும். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கக் கழுத்தை நீட்டுவேன். ஒருநாளும் பார்த்ததில்லை.

ஜப்பான்காரன் வருகிறான் என்று தெரிந்ததும் துரை காரில் ஏறித் தெற்கே போய்விட்டார். பெரிய கிராணி குடும்பத்தோடு சிரம்பானுக்கு ஓடிவிட்டார். அடுத்த வருட மழைக்காலமும் முடியும்வரை பங்களா பூட்டிக் கிடந்தது. பிறகு ஒரு ஜப்பான் அதிகாரி வந்தான். தோட்டக் கணக்கைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று கண்டுகொண்டான். ரப்பர் கொஞ்சம் போதும், பாதி மரத்தை வெட்டிவிட்டு மரவள்ளி நட வேண்டும், இனி எல்லாவற்றுக்கும் நீதான் பொறுப்பு என்று சொல்லி, சாவிக்கொத்தை என் கையில் போட்டான். நான் இடுப்பு வளைய வணங்கினேன். எழுந்து நின்றபோது கையில் இருந்தது துரை பங்களாவின் சாவி.

அன்று குன்றின் மேல் நான் நடக்கவில்லை, ஓடினேன். கீழ்ப்படியில் கால் தானாக நின்றது. பழக்கம். பிறகு ஏறினேன். கதவு ஈரத்தில் உப்பி இறுகியிருந்தது. தோளால் முட்டித் திறந்தேன். உள்ளேயிருந்து ஒரு வாடை வந்தது. கனமான, ஈரமான, பழைய துணி போன்ற வாடை. அது வெள்ளைக்காரனின் வாசம் என்று நினைத்தேன். நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டேன். அது பூஞ்சை வாடை என்பது எனக்குத் தெரியவில்லை.

கூடத்தில் கால் புதையும் கம்பளம். சுவரில் மான் தலை. தடித்த ஜன்னல் திரைகள். ஒரு கிராமபோன். அதற்கு ஊசி இல்லை, எலுமிச்சை முள்ளைச் செருகிப் பார்த்தேன், பாடியது. படுக்கையறையில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கட்டில், அதன்மேல் இலவம்பஞ்சு மெத்தை. அதில் குப்புற விழுந்து புரண்டேன். இருபத்தைந்து வயது தாண்டியவன் செய்யும் காரியமா அது?

கீழே ஓடிவந்து என் மனைவியிடம் சாவியைக் காட்டினேன். அவள் அன்று என்னிடம் சொல்ல வேறு ஒரு செய்தி வைத்திருந்தாள். கல்யாணமாகிச் சில வருடங்கள் பிள்ளை இல்லாமல் இருந்தோம். "என்னங்க, தள்ளிப் போயிருக்கு" என்றாள். எனக்கு இரண்டும் ஒரே செய்தியாகத்தான் கேட்டது. பிள்ளை பங்களாவுக்காக வருகிறது, பங்களா பிள்ளைக்காக வருகிறது. அவளைத் தூக்கிச் சுற்றினேன். "இறக்கி விடுங்க, மூச்சு முட்டுது" என்று சிரித்தாள்.

அவளுக்கு இழுப்பு உண்டு. இன்று ஆஸ்துமா என்று சொல்கிறோம். அவள் அப்பா கெமாஸ் ரயில் நிலையத்தில் வேலை பார்த்தவர். கல்யாணத்துக்கு முன் என்னைத் தனியே அழைத்துப் போய், "மாப்ள, பனிக்காலத்துல பிள்ளைக்கு லேசா மூச்சு இழுக்கும். மத்தபடி ஒரு குறையும் இல்ல" என்றார். இந்த நாட்டில் பனிக்காலம் ஏது என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அவ்வளவோடு விட்டுவிட்டேன். கிராணி வீட்டில் இருந்தவரை மழை நாட்களில் வரும். பின்வாசல் படியில் உட்கார்ந்து, கவிழ்த்துப் போட்ட வாளியின்மேல் கைகளை ஊன்றிக்கொண்டு முன்னால் சாய்ந்திருப்பாள். தோட்டத்தில் வைத்தியம் பார்க்கும் டிரசர் ஆஸ்பத்திரியிலிருந்து வெள்ளை மாத்திரை கொடுப்பார். அந்த வழியாகத்தான் லயத்துப் பெண்கள் ஆயாக்கொட்டகைக்குப் போவார்கள். யாராவது ஒருத்தி நின்று பேசுவாள். கொட்டகைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா தினமும் வந்து படியில் உட்காருவாள். ஆயா என்றால் வயதானவள் இல்லை, என் மனைவியைவிடக் கொஞ்சம் பெரியவள். அவள் புருஷனைச் சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் லாரியில் ஏற்றிப் போயிருந்தார்கள். லயத்தில் பாதி வீட்டில் அதே கதைதான்.

பங்களாவுக்கு நாங்கள் குடிபோன முதல் விடியலிலேயே இழுப்பு வந்தது. விழித்துப் பார்த்தால் அவள் கட்டிலில் இல்லை. ஜன்னலருகே நாற்காலியில் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தாள். தோள்கள் ஏறி ஏறி இறங்கின. மூச்சு உள்ளே போகும்போது ஒரு சத்தம், வெளியே வரும்போது நீளமாக ஒரு விசில்.

"இந்த மெத்தை வேணாங்க. பாய் போட்டுக்கிறேன்."

"துரை படுத்த மெத்தை. உனக்கு மட்டும் ஒத்துக்காதா? மாசமா இருக்கறதால இப்படி இருக்கும்."

அதற்குப் பிறகு அந்தக் கட்டிலில் நான் தனியாகத்தான் படுத்தேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினாள். நான் நன்றாகத் தூங்கினேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

எனக்குத் தலை கால் புரியாத வேலை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் ஆட்களை நிறுத்தி, ஜப்பான் சக்கரவர்த்தி இருக்கும் கிழக்கே பார்த்து வணங்கச் செய்து, வேலை பிரித்து அனுப்புவேன். முன்பு துரை நின்ற இடத்தில் நான். மரவள்ளிக் காட்டைச் சுற்றிப் பார்க்கத் துரையின் பிரம்பை எடுத்துப் போவேன். என் முதுகுக்குப் பின்னால் "கிராணித் தொரை" என்று கூப்பிடுகிறார்கள் என்று தெரியும். கிண்டல்தான். எனக்கு இனித்தது. துரை வீடு துரை வீடாக இருக்க வேண்டும் என்று, லயத்துப் பெண்கள் யாரும் முன்படியில் ஏறக் கூடாது, பின்கட்டோடு வந்து பின்கட்டோடு போக வேண்டும் என்று ஒருநாள் பெரட்டில் சொன்னேன். அதற்குப் பிறகு பின்கட்டுக்கும் யாரும் வரவில்லை. ஆயா ஒரே ஒருமுறை வந்தாள். என் செருப்புச் சத்தம் கேட்டதும், "ஐயா வந்துட்டாரு, நான் கெளம்புறேன்" என்று எழுந்து போய்விட்டாள்.

என் மனைவி அந்தப் பெரிய வீட்டில் யாரோடும் பேசாமல் நாள் முழுக்க இருந்தாள். தலை வாருவதை விட்டாள். ஜன்னல் திரை ஒன்றைக் கிழித்துப் பிள்ளைக்குத் துணிகள் வெட்டிக் கொடுத்தேன். அவற்றை மடித்து டிரங்குப் பெட்டியின் அடியில் போட்டு, மேலே பழைய புடவைகளை அடுக்கி மூடினாள். ஏன் என்று கேட்டேன்.

"எனக்கே மூச்சு இல்லாதப்ப அதுக்கு எங்கேருந்துங்க மூச்சு போகும்?" என்றாள். வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு, மிகச் சாதாரணமாகக் கேட்டாள். "முக்குறதுக்கு மூச்சு வேணும். அன்னைக்கு இது வந்துச்சுன்னா ரெண்டு பேரும் போயிருவோம்."

பிள்ளை பிழைக்காது, தானும் பிழைக்கப் போவதில்லை என்று அவள் முடிவே செய்துவிட்டாள். அது எனக்குத் தெரிந்தது. தெரிந்தும், எலுமிச்சை முள் தேய்ந்துவிட்டதே என்று வேறு முள் தேடப் போனேன்.

டிரசரைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் என்னைவிட வயதில் மூத்தவர், பங்களா தனக்குக் கிடைத்திருக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இருந்தது என்று நான் நம்பினேன். அவர் அவளைப் பார்த்துவிட்டு விறாந்தைக்கு வந்து நின்றார்.

"பாதி இழுப்பு, பாதி பயம். மாத்திரை தீந்து போச்சு. உசுருக்கு ஆபத்துன்னா கொடுக்க ரெண்டு மூணு ஒளிச்சு வச்சிருக்கேன், அவ்வளவுதான். வீடு வேற ஒரே நசநசன்னு இருக்குது. நாலு பேரு பேச்சுத் துணைக்கு இருந்தா நல்லது. கெமாஸுக்கு அனுப்பிடுங்களேன், அம்மா வீட்டுக்கு."

அவர் சொன்னதில் எனக்குப் பிடித்ததை மட்டும் எடுத்துக்கொண்டேன். பயம். அப்படியென்றால் மருந்து வேண்டாம், வீடு மாற வேண்டாம், கெமாஸும் வேண்டாம். உள்ளே போய், "மனசைத் திடமா வச்சுக்கோ. எல்லாம் மனசுதானாம், டிரசரே சொல்லிட்டாரு" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "மனசுதான் மூச்சை அடைக்குதுன்னா, அந்த மனசை நான் எங்க கொண்டு போய் வைக்கிறதுங்க?"

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது எங்கள் வழக்கம். அவள் இரண்டு முறை கெமாஸ் போக வேண்டும் என்று கேட்டாள். ரயிலில் பட்டாளம் போகிறது, பயணச் சீட்டுக்கு ஜப்பான்காரன் அனுமதி வேண்டும், கிடைக்காது என்று சொன்னேன். அந்த அதிகாரிக்கு என்மேல் பிரியம் இருந்தது. கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். நான் கேட்கவில்லை. என் பிள்ளை பங்களாவில் பிறக்க வேண்டும்.

ஏழாம் மாதம் வந்ததும் வளைகாப்பைப் பங்களாக் கூடத்திலேயே வைப்பது என்று முடிவு செய்தேன். முன்வாசலைத் திறந்துவிட்டு, தோட்டத்துப் பெண்கள் எல்லாரையும் கம்பளத்தில் உட்கார வைத்து. அந்த யோசனை வந்த நிமிடத்திலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு ஆசை. கண்ணாடி வளையல் எங்கும் கிடையாது. ரெம்பாவ் கடைவீதியில் ஒரு மளிகைக் கடைக்காரரிடம் பழைய சரக்கு இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். உடனே சைக்கிளை எடுத்தேன். டயருக்குக் காற்றடிக்க டியூப் கிடையாது. தோட்டத்து ரப்பரையே திணித்து முறுக்கிய டயர். ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பில் வந்து இடிக்கும். தேங்காய் எண்ணெய் ஒரு போத்தலைக் கொடுத்துப் பச்சையும் சிவப்புமாக வளையல் வாங்கிக்கொண்டு, உடைந்துவிடுமே என்று சட்டைக்குள் வைத்துக் கட்டிக்கொண்டு, பாட்டுப் பாடியபடி திரும்பி வந்தேன். தார்ச் சடக்கில் எதிரே வந்த மலாய்க்காரர் ஒருவர் சைக்கிளை நிறுத்தி என்னை வினோதமாகப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது.

வளைகாப்பு நாளில் கம்பளத்தைக் கூடத்துக்குள்ளேயே போட்டுத் தடியால் அடிக்கச் சொன்னேன். வெளியே மழை. சாம்பிராணிக்கு எங்கே போவது? காட்டிலிருந்து டாமார் பிசினைக் கொண்டுவரச் செய்து, கொட்டாங்கச்சித் தணலில் போட்டுப் புகை காட்டினேன். மழைச் சாரல் கம்பளத்தில் படக் கூடாது என்று ஜன்னல்களைச் சாத்தினேன். எல்லாம் என் ஏற்பாடுதான். வேறு யார் மேலும் பழி போட வழியில்லை.

பெண்கள் முன்வாசல் வழியாக வந்தார்கள். பாதிப் பேர் சாக்குத்துணியில் தைத்த பாவாடை கட்டியிருந்தார்கள். மான் தலையைப் பார்த்து ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"அடியே, காலு உள்ள போகுதுடி. புல்லாட்டம் இருக்கு."

"மேஞ்சுக்க. தொரை வீட்டுப் புல்லு, இனிமே கெடைக்காது."

"இதுல எப்படிக்கா நடந்தான் வெள்ளைக்காரன்?"

"அவன் எங்க நடந்தான், நாமதானே நடந்தோம்."

கூடம் குலுங்கியது. மரவள்ளியைத் துருவி வேகவைத்து, மஞ்சள் ஒன்றில், புளி ஒன்றில், தேங்காய் ஒன்றில் என்று ஏழு வகைச் சாதம் செய்து வைத்திருந்தார்கள். ஒன்றில்கூடச் சாதம் கிடையாது. நான் வாசல் நிலையில் சாய்ந்து நின்று, இதோ என் வீடு, இதோ என் பிள்ளை என்று பூரித்துக்கொண்டிருந்தேன்.

நாற்காலியில் என் மனைவி. ஆயா முதலில் வேப்பங்குச்சிக் காப்பைப் போட்டு, வலது கையில் வளையல்களை ஏற்றினாள். இடது கைக்கு வந்தபோது நிறுத்தினாள். "கிராணியம்மா, மொகம் ஏன் இப்படி ஆகுது?"

அவள் உதடு வெளுத்திருந்தது. கழுத்துக் குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே வாங்கியது. அவள் எழுந்தாள். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல மூச்சு இல்லை. புகையை விலக்கிக்கொண்டு முன்வாசலுக்கு வந்தாள். என்னைத் தாண்டினாள். படிகளில் இறங்கி, தூறலில், குன்றுச் சரிவில் நடக்கத் தொடங்கினாள்.

"எங்க போற? சடங்கு முடியல" என்றேன்.

பெண்கள் எழுந்தார்கள். "யாரும் எழுந்து போகக் கூடாது" என்று பெரட்டுக் குரலில் கத்தினேன். அந்தக் குரலுக்கு அதுவரை யாரும் அடங்காமல் இருந்ததில்லை. அன்று ஒருத்திகூட நிற்கவில்லை. என்னை இடித்துக்கொண்டு போனார்கள். ஆயா மட்டும் கடைசிப் படியில் திரும்பி, "ஐயா, அந்தச் சாப்பாட்டை யாரையாச்சும் தூக்கிட்டு வரச் சொல்லுங்க. கொட்டகைப் பிள்ளைங்க பசியில கெடக்கு" என்றாள்.

அந்தக் காட்சி இன்றும் கண்ணில் நிற்கிறது. முன்னால் அவள், வயிற்றைப் பிடித்தபடி, ஒவ்வொரு ரப்பர் மரமாகப் பற்றி நின்று, மூச்சு வாங்கி, அடுத்த மரத்துக்கு. அவள் நின்றால் பின்னால் வந்த அத்தனை பேரும் நின்றார்கள். அவள் நடந்தால் நடந்தார்கள். ஒரு கை வளையல்கள் மட்டும் சத்தமிட்டன. கல்யாண ஊர்வலம்போல, ஆனால் யாரும் பேசாமல், மலையை விட்டு இறங்கிப் போனார்கள். அவமானத்தோடு, துரையின் பிரம்பை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

ஆயாக்கொட்டகையில் உரலைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் சுருட்டிய சாக்கை வைத்து, அவள் முன்னால் சாய்ந்திருந்தாள். ஆயா அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தாள். நாலு பக்கமும் காற்று. மழைச் சாரல்கூட உள்ளே வந்தது. டிரசர் ஓடிவந்து, ஒளித்து வைத்திருந்த மாத்திரையில் ஒன்றைக் கொடுத்தார். பொழுது சாயும்வரை ஒருத்தியும் நகரவில்லை. பிறகு ஒருத்தி மெல்ல, "தொரை புல்லுல ஒரு கை புடுங்கிட்டு வந்திருக்கலாம், மாட்டுக்கு ஆகும்" என்றாள். என் மனைவியின் தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று நினைத்தேன்.

"சிரிக்க... வைக்காதீங்கடி" என்றாள். "இருக்குற... மூச்சும்... போயிரும்."

பல மாதங்களாக நான் கேட்காத சிரிப்பு. கூரைக்கு வெளியே, தாழ்வாரத்துச் சொட்டு படாத தூரத்தில், துரையின் பிரம்போடு நான் நின்றேன். கிராணி ஆயாக்கொட்டகைக்குள் நுழைவதில்லை. அது எழுதாத சட்டம்.

"கெளம்பு, போகலாம்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. "நீங்க மேல இருங்க. நான் இங்க இருந்துக்கிறேன்."

நான் மேலே போனேன். அன்றிரவு மட்டும் இல்லை. பிள்ளை பிறக்கும்வரை அங்கேயே இருந்தேன். இதைத்தான் நான் யாரிடமும் சொன்னதில்லை.

பங்களாவை விட்டால் ஜப்பான்காரன் அங்கே வேறு ஆளை வைப்பான், தோட்டமே நாசமாகும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. மீதி உண்மை, எனக்கு அந்த வீடு பிடித்திருந்தது. துரை விட்டுப்போன தூரக்கண்ணாடி ஒன்று அலமாரியில் கிடைத்தது. மாலையில் விறாந்தையில் நின்று அதன் வழியாகக் கொட்டகையைப் பார்ப்பேன். தூளிக் கயிறுகளைக் கால் விரல்களில் கட்டிக்கொண்டு, ஒரே நேரத்தில் பல பிள்ளைகளை ஆட்டியபடி அவள் கீரை ஆய்வாள். யாரோ அவள் தலையில் பேன் பார்ப்பார்கள். தலை வாரியிருக்கும். கிட்டத்தில் பார்ப்பதுபோல இருக்கும். நான் கண்ணாடியை இறக்குவேன், அவள் ஒரு புள்ளியாகிவிடுவாள். தினமும் சுற்று போகும்போது கூரைக்கு வெளியே நின்று, "எப்படி இருக்க?" என்பேன். "இருக்கேங்க" என்பாள். அவ்வளவுதான்.

இழுப்பு அங்கேயும் வந்தது. சில விடியல்களில் கூட்டம் கூடுவதைக் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். பல வருடங்கள் கழித்து, அங்கே என்ன வித்தியாசம் என்று அவளிடம் கேட்டேன். "அங்க எனக்கு இழுப்பு வந்தா, 'என்ன, வந்துருச்சா?'ன்னு கேப்பாங்க. மழை வந்துருச்சான்னு கேக்குற மாதிரி. ஒருத்தி வந்து பக்கத்துல ஒக்காந்துக்குவா. அதுலயே பாதி போயிடும்" என்றாள். "மேல இருந்தப்போ வந்துச்சுன்னா, நானும் அதுவும் மட்டும்தான்."

பிறந்த நாள் காலை. ஆட்களை வேலைக்கு அனுப்பிவிட்டு மேலே வந்து, புது முள் போட்டுக் கிராமபோனைத் திருகிக்கொண்டிருந்தேன். திடீரென்று பெரட்டு மணி அடித்தது. பெரட்டுக் களத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டு அது. விடிகாலையில், என் உத்தரவில் மட்டும்தான் அதை அடிக்கலாம். நேரங்கெட்ட நேரத்தில் யாரோ வெறிபிடித்ததுபோல் அடித்தார்கள். எனக்கு முதலில் வந்தது கோபம்தான். யார் அவன், யாரைக் கேட்டு அடிக்கிறான் என்று பிரம்பை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். மரவள்ளிக் காட்டிலிருந்து பெண்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவருவது தெரிந்தது. கொட்டகைப் பக்கமிருந்து குலவைச் சத்தம் எழுந்தது.

அப்போதுதான் புரிந்தது. பிரம்பு எங்கே விழுந்ததென்று தெரியாது. சரிவில் எப்படி இறங்கினேன் என்றும் தெரியாது. ஒரு செருப்பு வழியில் போனது, இன்னொன்றை நானே உதறினேன். வேரில் தடுக்கி விழுந்து, முழங்கால் கிழிந்து, எழுந்து ஓடினேன். குலவை நின்றுவிடக் கூடாது, நின்றால் ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம் என்று ஒரு பைத்தியக்கார எண்ணம். அது நிற்கவில்லை. ஓட ஓட எனக்கே மூச்சு இரைத்தது. இதுதானா அவளுக்கு, இதுதானா என்று நெஞ்சில் அடித்துக்கொண்டே ஓடினேன்.

ஆயா கொட்டகை முன் நின்று, கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "பொம்பளப் பிள்ள, கிராணித் தொரை" என்றாள், முகத்துக்கு நேராகவே. "ரெண்டு பேருக்கும் மூச்சு நல்லா இருக்கு. நடுவுல இவங்களுக்கு இழுப்பு வந்துச்சு. நாங்க இருக்கோம், நீங்க பாட்டுக்கு இழுங்கன்னோம். அதுவும் நடந்துச்சு, இதுவும் நடந்துச்சு."

கூரை தாழ்வாக இருந்தது. தலையைக் குனிந்து, முதல்முறையாக உள்ளே போனேன். பழைய புடவைகளைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். என் மனைவி சாக்கு மூட்டையில் சாய்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு சிறு சிவப்பு முகம், முகத்தைவிடப் பெரிய குரல்.

அவள் என் முழங்காலைப் பார்த்தாள், வெறும் காலைப் பார்த்தாள். "மேல பூட்டிட்டு வந்தீங்களா?"

"இல்ல. எல்லாம் தொறந்து கெடக்கு."

"கெடக்கட்டும்" என்றாள்.

"ஒக்காருங்க ஐயா, இங்க நாற்காலி கெடையாது" என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். நான் மண் தரையில் உட்கார்ந்தேன்.

மறுநாள் போய்ப் பார்த்தபோது கிராமபோனைக் காணோம், திரைகளைக் காணோம், தூரக்கண்ணாடியும் போயிருந்தது. மெத்தையை மட்டும் யாரும் தொடவில்லை. அதை இழுத்து வந்து வெயிலில் போட்டுத் தட்டினேன். எழுந்த தூசியில் சற்று நேரம் என் கைகளே எனக்குத் தெரியவில்லை. நாங்கள் மூவரும் நடுச்சரிவில் பழைய கிராணி வீட்டுக்கே திரும்பினோம். ஜப்பான்காரன் வேறு ஆளை வைக்கவும் இல்லை, தோட்டம் நாசமாகவும் இல்லை.

இதோடு நின்றிருந்தால் நான் திருந்தியவன் என்று முடித்திருக்கலாம். சில வாரங்கள் கழித்து மாமனார் எப்படியோ அனுமதி வாங்கிக்கொண்டு கெமாஸிலிருந்து வந்தார். பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு, குன்றின் மேலே பார்த்து, "எங்க மாப்ள பொறந்துச்சு?" என்று கேட்டார்.

"பங்களாவுலதான் மாமா" என்றேன். வாய் தானாகச் சொன்னது. அவர் முகம் மலர்ந்தது.

என் மனைவி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு எழுந்தாள். "காப்பி போட்டு எடுத்துட்டு வரேன்" என்று அடுப்படிக்குள் போனாள்.

அந்தக் காலத்தில் எங்கள் தோட்டத்தில் எந்த வீட்டிலும் காப்பித்தூள் கிடையாது.